மரவீட்டுக்காரி

வேலைக்குச் சேர்வதற்கு முதல் நாள் மாலை, அவர்கள் தந்த நீளப் பாவாடையையும் வெள்ளைத் துணித் தொப்பியையும் வீட்டில் போட்டுப் பார்த்தேன். தொப்பியின் நாடாவைத் தாடைக்குக் கீழே முடிந்துகொண்டு வரவேற்பறைக்கு வந்தபோது என் மகள் சோபாவில் சரிந்து சிரித்தாள்.

"அம்மா, பிளீஸ், உதோட பஸ்ஸில போயிடாதேங்கோ."

"அங்கை போய்த்தான் மாத்துறது," என்றேன். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த வேலையைக் கண்டுபிடித்ததே அவள்தான். கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் தொழிற்சாலையில் நான் பல வருடங்கள் வேலை செய்தேன். அதை மூடிவிட்டார்கள். என் கணவர் அதற்கும் முன்பே மாரடைப்பில் போய்விட்டார். ஐம்பதைத் தாண்டிய எனக்கு இனி யார் வேலை தரப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான், மகள் தன் கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். ரொறன்ரோவின் வடக்கு ஓரத்தில் ஒரு பழங்காலக் கிராமம் இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து வந்து காட்டை வெட்டிக் குடியேறியவர்களின் வீடுகள், மாவு ஆலை, பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாவற்றையும் அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். சுற்றிவர நெடுஞ்சாலையும் அடுக்குமாடிகளும். உள்ளே போனால் மண் பாதையும் செம்மறி ஆடுகளும். அந்தக் காலத்து உடுப்போடு ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இருந்து, சமைத்து, நூல் நூற்று, வருகிறவர்களுக்குக் கதை சொல்ல வேண்டும்.

நேர்முகத்துக்கு அழைத்த மேலாளர் ஒரு வெள்ளைக்காரப் பெண். நான் இலங்கையிலிருந்து வந்தவள் என்றதும் அவள் முகம் மலர்ந்தது. "அப்படியென்றால் உங்களுக்கு விறகு அடுப்புப் பழக்கமாக இருக்குமே!" என்றாள். நான் யாழ்ப்பாண நகரத்துக்குள் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் முதலில் மண்ணெண்ணெய்க் குக்கர், பிறகு காஸ். அதைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, "பரவாயில்லை, நீங்கள் கதை சொல்வீர்கள் போல இருக்கிறது," என்று வேலையைத் தந்தாள்.

எனக்குக் கிடைத்தது மிகப் பழைய வீடு. தடித்த மரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, இடைவெளிகளைச் சாந்தால் அடைத்துக் கட்டியது. ஒரே அறை. ஒரு பக்கச் சுவர் முழுவதும் கல் அடுப்பு. மூன்றாம் நாள் நானே தனியாகத் தீ மூட்டினேன். புகைபோக்கியின் மூடியைத் திறக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டேன். புகை முழுவதும் வீட்டுக்குள் சுருண்டது. கூரை மரத்துக்குள் ஒளித்து வைத்திருந்த அலாரம் அலறத் தொடங்கியது. பாண் சுடுவதைப் பார்க்க வந்திருந்த ஒரு குடும்பம், இதுவும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டியது.

அப்போது வெளியே இருந்து ஒரு குரல். "அக்கா! கதவை நல்லா அகலத் திறந்து விடுங்கோ!"

நான் இருமிக்கொண்டே திரும்பினேன். வைக்கோல் தொப்பி, தோளில் மாட்டிய காற்சட்டைப் பட்டி, முழங்கை வரை சுருட்டிய சட்டை. பழங்காலக் குடியானவனின் கோலத்தில் ஒரு தமிழர் நின்றார். உள்ளே பாய்ந்து இரும்புக் கொக்கியால் மூடியை இழுத்துவிட்டார். புகை மேலே ஏறியது.

"நீங்கள் தமிழோ?" என்று கேட்டேன். அவர் தமிழில் கத்திய பிறகு அப்படிக் கேட்டது எவ்வளவு முட்டாள்தனம் என்று பிறகுதான் உறைத்தது.

"ஓம் அக்கா. மன்னார். நான் இஞ்சை விறகு, வேலி, ஆட்டுக் கொட்டில் எல்லாம் பாக்கிறன். நீங்கள் வந்திருக்கிறியள் எண்டு சொன்னவை. இப்பிடிச் சந்திப்பம் எண்டு நினைக்கேல்லை."

"நானும்தான் அண்ணை," என்றேன்.

அவருக்கும் என் வயதுதான், ஒன்றிரண்டு கூடக்குறைய இருக்கலாம். முன்பு பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் வேலை செய்தவர். மனைவிக்குப் புற்றுநோய் வந்தபோது வேலையை விட்டுவிட்டுக் கூடவே இருந்து பார்த்திருக்கிறார். மனைவி இறந்த பிறகு கூரைக்குக் கீழே நின்று வேலை செய்ய மனம் வரவில்லை என்றார். மகன் ஒருவன், குடும்பத்தோடு பிறம்ரனில். இவ்வளவையும் அவர் ஒரே நாளில் சொல்லவில்லை. ஒவ்வொரு காலையும் விறகைக் கொண்டுவந்து அடுக்கும்போது, ஒவ்வொரு துண்டாகச் சொன்னார்.

என் வீட்டுக்கு ஒரு கதை இருந்தது. வேலைக்குச் சேர்ந்தவுடனே அதைச் சொல்லித் தந்தார்கள். அந்த வீட்டுப் பெண் அயர்லாந்திலிருந்து கப்பலில் வந்தவள். அவளும் கணவனும் சேர்ந்துதான் மரங்களை வெட்டி அந்த வீட்டைக் கட்டினார்கள். இரண்டாவது குளிர்காலத்தில், வெட்டிய மரம் ஒன்று பக்கவாட்டில் சரிந்து கணவன் இறந்துபோனான். கையில் மூன்று சின்னப் பிள்ளைகள். மண் உறைந்து கிடந்ததால் அவனைப் புதைக்க வசந்தம் வரும்வரை காத்திருந்தாளாம். அடுத்த கோடையில் பக்கத்துக் காணிக்காரன் வந்து அவளுடைய கோதுமையை வெட்டிக் கொடுத்தான். குளிர் தொடங்குவதற்குள் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். பிறகும் பிள்ளைகள் பிறந்தன. கிழவியாகும்வரை அங்கேயே வாழ்ந்தாள்.

நான் இந்தக் கதையைச் சொல்லும்போது ஒன்றைச் சேர்த்துக்கொள்வேன். அவர்கள் வந்தபோது இந்தக் காடு வெறுமையாகக் கிடக்கவில்லை, இங்கே ஆட்கள் இருந்தார்கள், அவர்களுடைய நிலம்தான் இது என்பேன். மேலாளரும் அதைச் சொல்லத்தான் வேண்டும் என்றாள். நிலத்தைப் பறிகொடுத்தவர்களின் பக்கத்திலிருந்து வந்தவள் நான். ஆனாலும் அந்த அடுப்பின் முன்னால் நிற்கும்போது, கடல் கடந்து வந்து குளிரில் புருசனைப் பறிகொடுத்த அந்தப் பெண்ணின்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டுதான் அந்த வீட்டில் வேலை செய்தேன்.

இலையுதிர்காலத்தில் ஸ்காபரோவிலிருந்து ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். கதையைச் சொல்லி முடித்ததும், பின்வரிசையில் நின்ற தமிழ்ப் பெண்பிள்ளை ஒன்று கையைத் தூக்கியது.

"அன்ரி, அவவுக்கு அந்த செகண்ட் ஹஸ்பண்டில லவ் இருந்ததா?"

நான் எல்லாருக்கும் விளங்க ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். மூன்று பிள்ளைகள், வரப்போகும் குளிர், விறகு வெட்ட ஆள் இல்லை. அந்தக் காலத்தில் ஒரு பெண் தனியாக அங்கே உயிர் வாழ முடியாது என்றேன்.

பிள்ளை விடவில்லை. "இல்லை அன்ரி. நான் அதைக் கேக்கேல்லை."

ஆசிரியை நேரமாகிவிட்டது என்று பிள்ளைகளை அடுத்த வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார். வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"பிள்ளை நல்ல கேள்வி கேட்டிது. நீங்கள்தான் வழுக்கிப் போட்டியள், அக்கா."

"அப்ப நீங்கள் சொல்லுங்கோவன் அண்ணை."

அவர் கையில் இருந்த கட்டையை அடுக்கின்மேல் வைத்தார். "அவவைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனா அவன், கோதுமை முழுக்க வெட்டி முடியுமட்டும் வாயைத் திறந்து ஒண்டும் கேக்கேல்லைப் போல. அப்பிடி இருக்கிறது லேசில்லை."

அந்த நாட்களில் எங்களுக்குள் இருந்தது மதியச் சாப்பாடுதான். பணியாளர்கள் சாப்பிடும் பின்னறையில், மற்றவர்கள் சான்விச் பிரித்துக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் சோற்றுப் பெட்டிகளைத் திறப்போம். அவர் மீன் குழம்பு கொண்டுவருவார். தானே வைத்தது. வெள்ளிக்கிழமைகளில் நான் மரக்கறி என்று தெரிந்ததும், அன்றைக்கு மட்டும் பருப்பும் கத்தரிக்காயும் கொண்டுவரத் தொடங்கினார். பனி தொடங்கியதும், இரண்டு பஸ் மாறி அஜின்கோர்ட்டில் உள்ள வீட்டுக்குப் போகும் என்னைத் தன் காரில் கொண்டுபோய் விட்டார்.

பிறகு என் கை எரிந்தது. அடுப்பில் தொங்கிய இரும்புச் சட்டியை இறக்கும்போது கொதித்த கொழுப்பு இடது கையில் கொட்டிவிட்டது. நான் போட்ட சத்தத்தில் ஆடுகள்கூடக் கத்தியிருக்கும். அவர் ஓடிவந்தார். கையைத் தண்ணீரில் பிடித்து, ஈரத் துணியைச் சுற்றி, உடுப்பு மாற்றக்கூட நேரம் வைக்காமல் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அவசரப் பிரிவில் காத்திருந்த அந்தப் பிற்பகலை என்னால் மறக்க முடியாது. நான் துணித் தொப்பியும் நீளப் பாவாடையும். பக்கத்தில் அவர், வைக்கோல் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு. எதிரே இருந்த ஒரு சின்னப் பையன் எங்களையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். தாதி வந்து அவரிடம், "நீங்கள் கணவரா?" என்று கேட்டாள். அவர் எழுந்து நின்று, "இல்லை, ஒன்றாக வேலை செய்கிறோம்," என்றார். எழுந்து நிற்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் நின்றார்.

சரியாக அந்த நேரத்தில், எங்கள் கோயிலில் மாலை கட்டும் அன்ரி ஒருவர் தன் கணவரின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். அவரையும் பார்த்தார்.

"என்ன பிள்ளை, நாடகம் ஏதும் போடுறியளோ?"

"வேலை அன்ரி. கை எரிஞ்சு போச்சு."

"ஓ," என்றார். அந்த ஒரு எழுத்து அடுத்த சில நாட்களில் ஸ்காபரோ முழுக்கச் சுற்றி வந்தது.

அன்று என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது, "கையை உயத்தி வைச்சுப் படுங்கோ," என்றார். அவ்வளவுதான். படியேறும்போது எனக்கு ஏதோ குறைகிறது என்று பட்டது. லிப்ட்டில் போகும்போது பிடிபட்டது. அவர் அக்கா என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவர் அப்படிச் சொல்லவே இல்லை. "இஞ்சை பாருங்கோ" என்று தொடங்குவார். "கேட்டியளோ" என்பார். சில வேளை ஒன்றுமே சொல்லாமல் வாசலில் நின்று இருமுவார். எங்கள் பேச்சில் ஒரு ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் கூப்பிட ஒரு முறைச்சொல் வேண்டும். அது இல்லாவிட்டால் அந்த இடம் வெறுமையாக, எல்லாருக்கும் தெரியும்படி திறந்து கிடக்கும்.

கிறிஸ்மஸ் முடிந்ததும் கிராமத்தை மூடிவிடுவார்கள். வசந்தத்தில்தான் திறப்பார்கள். கடைசி நாள் மாலை, என் அடுக்குமாடியின் முன்னால் காரை நிறுத்திவிட்டு அவர் எஞ்சினை அணைக்காமல் இருந்தார். கண்ணாடித் துடைப்பான் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தது.

"நான் உங்களை அக்கா எண்டு கூப்பிடுறதை விட்டுக் கொஞ்சக் காலமாகுது. நீங்கள் கவனிச்சியளோ தெரியாது."

"கவனிச்சனான்."

"நீங்களும் அண்ணை எண்டுறதை விட்டிட்டியள்."

அதை நான் கவனிக்கவில்லை. எப்போது விட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை.

"எனக்கு இதை வடிவாச் சொல்லத் தெரியாது," என்றார். "உங்களோட சேந்து இருக்க எனக்கு விருப்பம். கலியாணம் கட்டித்தான். ஒளிச்சு மறைச்சு இல்லை. நீங்கள் மாட்டன் எண்டு சொன்னாலும் விறகு வரும், அதைப் பற்றிப் பயப்பிடாதேங்கோ."

"எனக்கு யோசிக்க வேணும்."

"யோசியுங்கோ. இளவேனில் வருமட்டும் அங்கை மூடித்தானே கிடக்கும்."

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் ஒரு தடவைகூட அழைக்கவில்லை. நானும் அழைக்கவில்லை. வீட்டில் இருந்து என் கணவரைப் பற்றி யோசித்தேன். அவர் நல்ல மனிதர். முதலில் வந்து பார்க்டேலில் ஐந்தாறு பேரோடு ஒரு வீட்டில் இருந்து உழைத்து, தங்கைகளைக் கரையேற்றிய பிறகுதான் என்னைக் கனடாவுக்கு எடுத்தார். அவர் இரவு வேலை, நான் பகல் வேலை. அவர் காலையில் வந்து கதவைத் திறக்க, நான் பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டு ஓடுவேன். எங்கள் குடும்ப வாழ்க்கையே ஒரு ஷிப்ட் மாற்றம் போலத்தான் நடந்தது. ஆனாலும் குளிர் நாட்களில், தான் போட்டுவந்த கையுறையைக் கழற்றி உடனே என்னிடம் தருவார். அவருடைய கையின் சூடு அதற்குள் இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பேன். அது நேசம் இல்லையென்றால் வேறு எதை நேசம் என்பது? அந்த மரவீட்டுக்காரி முதல் கணவனை நேசித்தாளா, இரண்டாவது ஆளையா என்று யாராவது கேட்டால், ஒன்று மற்றதை அழிக்க வேண்டும் என்று ஏன் நினைக்கிறீர்கள் என்று அவளே திருப்பிக் கேட்டிருப்பாள். எனக்கு அந்தக் குளிரில்தான் இது தெளிந்தது.

என் அண்ணாவுக்குக் கதை போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார். தேத்தண்ணியைத் தொடவில்லை.

"உனக்கு என்ன குறை? மகள் இருக்கிறாள். நான் இருக்கிறன். இந்த வயசில என்னத்துக்கு? அதுவும் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போற ஆள்."

"அண்ணை, அவர் என்னை மதம் மாறச் சொல்லேல்லை."

"சனம் என்ன கதைக்குது எண்டு உனக்குத் தெரியுமோ?"

"தெரியும். அந்தச் சனம் என்ரை மனுசன் செத்த பிறகு முப்பத்தொராம் நாள் சடங்கோட என்னோட கதைக்கிறதை விட்டிட்டுது."

அவர் எழுந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார். கதவை மெதுவாகத்தான் சாத்தினார். அறைந்து சாத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மகள் தன் அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வெளியே வந்து யன்னலோரம் நின்றாள். அவளுக்குத் தன் தகப்பன் என்றால் உயிர்.

"அம்மா, ஒண்டு கேக்கட்டா? அவர் வந்தா அப்பாண்ட கதிரையில இருப்பாரா?"

சாப்பாட்டு மேசையில், யன்னல் பக்கமாக இருந்த கதிரை அது. அவர் போன பிறகு நாங்கள் இருவரும் அதில் உட்காருவதில்லை.

"இல்லை. வேற கதிரை வாங்குவம்."

"ஓகே," என்றாள். பிறகு, "ஐம் நொட் ஓகே வித் இற் யெற். பட் ஓகே," என்றாள். 'இன்னும்' என்று பொருள்படும் அந்த 'யெற்' எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஏப்ரலில் கிராமம் திறந்தது. பாதையெல்லாம் சேறு. பனியில் முறிந்து விழுந்த கிளைகளை அவர் வாள்கொண்டு அறுத்துக்கொண்டிருந்தார். குளிரில் மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் வாளை நிறுத்தினார், ஒன்றும் கேட்கவில்லை.

பாவாடையின் கரையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றுக்குள்ளால் அவரிடம் போனேன். வழி முழுக்கப் பாடம் பண்ணிக்கொண்டு வந்த வசனங்கள் எல்லாம் மறந்துவிட்டன.

"வெள்ளிக்கிழமையில என்னால மீன் சமைக்க ஏலாது," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். "மிச்ச நாளுக்கு?"

"மிச்ச நாளுக்கு நீங்கள் சமைப்பியள்."

அவர் சிரிக்கவில்லை. வாளை மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, கண்ணைச் சட்டைக் கையால் துடைத்தார். தூரத்தில் மேலாளர் ஆடுகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவளைப் போலப் பாவனை செய்துகொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நகரசபை மண்டபத்தில் பதிவுத் திருமணம் செய்தோம். என் பக்கத்துக்கு மகள் கையெழுத்துப் போட்டாள். அவர் பக்கத்துக்கு மகன். மருமகள் ஒரு பூச்செண்டு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அண்ணா வரவில்லை. அஜின்கோர்ட்டில் ஒரு கடையில் எல்லாருமாகக் கொத்துரொட்டி சாப்பிட்டோம். அவருடைய பேத்தி என் மடியில் தூங்கிப்போனாள். வீட்டுக்கு வந்ததும், பெட்டியிலிருந்து பிரிக்காமல் இருந்த புதுக் கதிரையை என் மகளும் அவருமாகப் பொருத்திப் பூட்டினார்கள். ஒரு காலைத் தலைகீழாகப் பூட்டிவிட்டு, யார் பிழை என்று இருவரும் வாதாடினார்கள். நான் குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

எல்லாம் இலகுவாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். மீன் மணம் பற்றிச் சண்டை வரும். அவர் விடியற்காலையில் எழும்பிச் செபம் சொல்வார். எனக்கு நித்திரை கலையும். இறந்த மனைவியின் நினைவுநாளில் அவர் யாரோடும் பேசமாட்டார். முதல் வருடம் அது எனக்கு வலித்தது. அடுத்த வருடம் நானே அவரோடு கல்லறைக்குப் போனேன். அந்த அம்மாவுக்குப் பூ வைத்துவிட்டு, என்ன சொல்வதென்று தெரியாமல் கும்பிட்டேன். அவர் என்னைக் கோயிலுக்குக் கொண்டுபோய்விட்டுக் காரிலேயே இருப்பார். பிறகு ஒருநாள் அன்னதான நேரத்தில் உள்ளே வந்து வரிசையில் உட்கார்ந்தார். மாலை கட்டும் அன்ரிதான் அவருக்கு இரண்டாம் தரம் சாம்பார் ஊற்றினார்.

அண்ணாவோடு பேச்சு இல்லாமல் இரண்டு வருடம் போனது. அவருடைய மகனின் கல்யாண அழைப்பு எனக்கும் மகளுக்கும் மட்டுமென்று வந்தது. நான் அண்ணியை அழைத்து, "நாங்கள் மூண்டு பேர்," என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ஒரு வாரம் பதில் இல்லை. பிறகு மூவருக்கும் என்று ஒரு அழைப்பு வந்தது.

மண்டபத்தில் எங்களைக் கடைசி மேசைகளில் ஒன்றில் இருத்தினார்கள். அவர் புது வேட்டியில், கழுத்தை நேராக வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் இருந்தார். தாலி கட்டி முடிந்து, ஆட்கள் சாப்பாட்டுக்கு எழும்பத் தொடங்கியபோது அண்ணா எங்கள் மேசைக்கு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் இருந்த வெறும் கதிரையை இழுத்து உட்கார்ந்து, நெற்றிச் சந்தனத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

"வெளியில ஸ்னோ கொட்டப் போகுதாம்," என்றார். "விண்டர் ரயர் போட்டாச்சோ?"

"இன்னும் இல்லை," என்றார் என் கணவர். "இந்தக் கிழமை போட வேணும்."

"எனக்குத் தெரிஞ்ச ஒரு பொடியன் கராஜ் வைச்சிருக்கிறான். நான் சொல்லி விடுறன்."

இருவரும் ரயர்களைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். எந்த வகை நல்லது, எத்தனை வருடம் தாங்கும் என்று. நான் எழும்பி அவர்கள் இருவருக்கும் சாப்பாடு எடுத்துவரப் போனேன்.